யார் போட்ட ஊசி

ஏப்ரல் 11

வாண்டுவின் அம்மாவுக்கு,

கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்த இரண்டு தடவையும் நான் ஒன்று சொல்ல நீ ஒன்பது சொல்லி, கடைசியில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் குறுக்கே பேச முடியாது அல்லவா.

வாண்டு நன்றாக இருக்கிறாள். என் அக்கா தன் வீட்டு மாடி அறையைத் துடைத்து எங்கள் இருவருக்கும் கொடுத்திருக்கிறாள். முட்டிச் சிராய்ப்பு ஆறிப் பொருக்குத் தட்டியிருக்கிறது. பிய்க்காதே பிய்க்காதே என்று நான் கத்த, எனக்குத் தெரியாமல் பிய்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று உன் தம்பி பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறானாம். சொல்லட்டும். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோதே உன் தலை தொங்கிவிட்டது. வண்டி நடைபாதையில் ஏறிச் சாய்ந்தது. உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தது ஏழு வயதுக் குழந்தை. அந்த நேரம் பின்னால் ஒரு லாரி வந்திருந்தால்?

மயக்கம் யாருக்கும் வரும். அதற்காகப் பிள்ளையைப் பிரிக்க நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். அதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

"உங்க வீட்டுக்காரம்மா ரத்தத்துல சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்துச்சு. அதே ரத்தத்துல இன்சுலின் மட்டும் எக்கச்சக்கமா இருக்கு. கணையத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்தாச்சு, கட்டி ஒண்ணும் இல்லை. உடம்பு தானா இன்சுலின் சுரந்தா, அதோட பிறக்கிற இன்னொரு பொருளும் அதே கணக்குல ஏறணும். அது அவ்வளவு ஏறலை. அப்போ இந்த இன்சுலின் வெளியிலேர்ந்துதான் வந்திருக்கணும்," என்றார். வீட்டில் யாராவது இன்சுலின் போடுகிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டார். மருந்துக்கடையில், இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜின் சாவியே உன்னிடம்தான் இருக்கிறது என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். நான் கூனிக் குறுகிப்போனேன்.

நான் லாரிகளை நிறுக்கும் எடை மேடைகளைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கிறவன். லாரி முதலாளி, ஆலை மேனேஜர், டிரைவர் என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் யார் கதையையும் கேட்பதில்லை, மெஷின் காட்டும் எண்ணைத்தான் பார்ப்பேன். உன் விஷயத்திலும் எண் ஒன்றைத்தான் சொல்கிறது.

ஏன் என்று மட்டும் சொல். எனக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்த நாளிலிருந்து, உங்க அக்கா இருக்கிற ஊருக்கு நான் வர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாய். உடம்பு முடியாமல் படுத்தால் நான் மாற்றலை ரத்து செய்வேன் என்று நினைத்தாயா? இல்லை, வேறு ஏதாவது மனக்கஷ்டமா? எதுவானாலும் சொல். நீ உண்மையைச் சொல்லும் அன்றைக்கே வாண்டுவைக் கொண்டுவந்து விடுகிறேன்.

வாண்டுவின் அப்பா

*

ஏப்ரல் 16

வாண்டுவின் அப்பாவுக்கு,

தீர்ப்பை எழுதிவிட்டு அதற்கப்புறம் சாட்சி கேட்கிற நீதிபதியை இப்போதுதான் பார்க்கிறேன்.

நான் எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டேன் என்று ஒத்துக்கொண்டால் பிள்ளை கிடைப்பாள், உண்மையைச் சொன்னால் கிடைக்க மாட்டாள். நல்ல நியாயம் வைத்திருக்கிறீர்கள்.

நான் ஏன் போன் எடுப்பதில்லை தெரியுமா? நீங்கள் பேசும்போது பக்கத்தில் உங்கள் அக்கா மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிறுத்துகிறீர்கள். அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஏதோ நடக்கிறது. அப்புறம் அடுத்த கேள்வி வருகிறது. எனக்குப் புருஷனோடு பேசத் தெரியும், பஞ்சாயத்தோடு பேசத் தெரியாது.

நான் வேலைக்குத் திரும்புவதற்குள் கதை கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் யாரோ முதலாளிக்குத் தெரிந்தவர். "கொஞ்ச நாளைக்கு ஃபிரிட்ஜ் பக்கம் நீங்க போக வேணாம்மா, பில் போடுங்க போதும்," என்று சாவியை வாங்கிக்கொண்டார். என் கண் முன்னாலேயே இன்சுலின் பாட்டில்களை எடுத்து அடுக்கி எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்காவது முகம் தெளியும் என்று பார்த்தேன். "கணக்கெல்லாம் ரொம்ப கச்சிதமா வெச்சிருக்கீங்க," என்றார். குறைந்திருந்தால் திருடி, குறையாவிட்டால் கெட்டிக்காரத் திருடி. இப்போது யாராவது இன்சுலின் கேட்டு வந்தால், பக்கத்து சீட்டுப் பெண் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே எழுந்து போகிறாள்.

உடம்பைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சாப்பிட்டுச் சில மணி நேரம் ஆனதும் திடீரென்று வியர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. எதிரில் இருப்பவர் பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. தைராய்டு படபடப்புதான் இது, மாத்திரை போடப் போடச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். இந்த நிலையில் வண்டி எடுத்தது என் தப்பு. அதை ஒத்துக்கொள்கிறேன். அது ஒன்றுதான் என் தப்பு.

நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். மார்ச் மாதம் முழுக்க நம் வீட்டில் தங்கி, என்னை அடுப்படிப் பக்கமே விடாமல் எனக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட்டது யார்? அதற்கு முன்னால் எனக்கு இப்படி வந்ததுண்டா?

நான் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. என் பிள்ளையை அனுப்புங்கள்.

*

ஏப்ரல் 21

வாண்டுவின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தில் அந்தக் கடைசிப் பகுதியைப் படித்ததும் அக்கா கண்ணில் படாமல் அதை மடித்து வைத்தேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவளைப் பற்றியா இப்படி எழுதுகிறாய்? உப்பு உறைப்புச் சரியாக இருக்கிறதா என்று உன்னைக் கேட்டுக் கேட்டு அவள் சமைத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நீ ஊசி போட்டுக்கொள்ளவே இல்லை என்று அடித்துச் சொல்கிறாய். சரி. போன வாரம் வாண்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அம்மா வீட்டில் என்னவெல்லாம் செய்வாள் என்று சும்மா கேட்டேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில், "அம்மா பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஊசி குத்திப்பாங்க. நான் இடுக்கு வழியாப் பார்த்தேன். யாருகிட்டயும் சொல்லாதேன்னு சொன்னாங்க," என்றாள்.

சீப்பு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. இதற்கு என்ன சொல்கிறாய்? ஏழு வயதுக் குழந்தை கட்டுக்கதை கட்டுமா?

அவளிடம் நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அம்மா தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள், அது அம்மாவுக்கே கெடுதல், இன்னும் ஏதாவது ஞாபகம் வந்தால் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று. தினமும் அவளைக் கேட்கிறேன். உன் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்.

வாண்டுவின் அப்பா

*

ஏப்ரல் 25

குழந்தையைப் போலீஸாக்கிய அப்பாவுக்கு,

அவள் பார்த்தது நிஜம். குத்திக்கொண்டதும் நிஜம். ஆனால் குத்திக்கொண்டது விரலில். சர்க்கரை பார்க்கிற மெஷினுக்கு ஒரு சொட்டு ரத்தம் எடுக்க. கடையில் தினமும் நாலு பேருக்கு நான் பார்த்துச் சொல்கிற மெஷின்தான் அது. மார்ச்சில் ஒருநாள் தாகமாக இருக்கிறதே என்று சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் பார்த்தேன். சர்க்கரை அதிகமாகக் காட்டியது. பயந்து, அதற்கப்புறம் சாப்பிட்டதும் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொண்டேன். எப்போதும் அதிகம்தான். குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை, அதனால் நடுங்குகிற நேரத்தில் பார்க்கவில்லை.

பாத்ரூமில் ஏன் என்று கேட்பீர்கள். ஹாலில் உங்கள் அக்கா உட்கார்ந்திருந்தார். அவருக்கே சர்க்கரை. எனக்கும் என்று தெரிந்தால், "இந்த வயசுலயேவா?" என்று ஊர் முழுக்கச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டிருப்பார். அதனால்தான் வாண்டுவிடம் சொல்லாதே என்றேன். ஒரு பயத்தை மறைக்கப் போய் இப்படி மாட்டிக்கொண்டேன்.

இப்போது மனதில் இருப்பதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இன்சுலினைச் சாப்பாட்டில் கலந்தால் வேலை செய்யாது, அது வயிற்றிலேயே செரித்துப்போகும். ஆனால் உங்கள் அக்கா போடுகிற சர்க்கரை மாத்திரையைப் பொடித்துப் போட்டால் எனக்கு இப்படி ஆகலாம். அந்த மாத்திரை கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்க வைக்கிற ரகம். நான் மருந்துக்கடைக்காரி, எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த இன்னொரு பொருளும் ஏறியிருக்க வேண்டுமே என்பீர்கள், லேப் கணக்கும் தப்பலாம். நான் அந்த ஊருக்கு வர மாட்டேன் என்று சொன்னதில் யாருக்கு அதிகக் கோபம் என்பதும் எனக்குத் தெரியும். அவர் போட்டார் என்று சொல்லவில்லை. போட்டிருக்க முடியும் என்கிறேன். நீங்கள் என்னைப் பற்றி நினைப்பதும் அவ்வளவுதானே?

சண்டை போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நானே டாக்டரிடம் போய், என்னை வார்டில் சேருங்கள், பையைப் பிடுங்கிக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஆள் போட்டுக் காவல் காருங்கள், அந்த மாத்திரை என் ரத்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள் என்று கேட்கப்போகிறேன். தப்பு செய்தவள் தானாகப் போய் நிற்பாளா என்று உங்கள் பஞ்சாயத்தைக் கேட்டுச் சொல்லுங்கள்.

வாண்டுவிடம் இனிமேல் ஒன்றும் கேட்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

*

மே 3

வாண்டுவின் அம்மாவுக்கு,

நேற்று டாக்டரிடம் போனில் பேசினேன். அந்த வகை மாத்திரை எதுவும் உன் ரத்தத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார். உன் கடிதத்தை நான் மேஜை மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனபோது அக்கா படித்துவிட்டாள். "என்னடா, நான் விஷம் வைக்கிறவளாடா?" என்று மட்டும்தான் கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவள் சாப்பிடவில்லை. இதற்கு நீ பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வார்டிலும் உனக்குச் சர்க்கரை இறங்கியதாம். காவலுக்கு ஆள் இருந்தும் இறங்கியிருக்கிறது, அதனால் நான் நிரபராதி என்று நீ எழுதுவாய் என்று தெரியும். அன்று மத்தியானம் உன்னைப் பார்க்க வந்தது யார் என்று நர்ஸிடம் விசாரித்தேன். உன் தம்பி. சாப்பாட்டுப் பையோடு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தானாம். நீ சொன்னால் எதையும் செய்கிற ஆள் அவன்.

உன் போன கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். அதில் நீயே காரணத்தைச் சொல்லிவிட்டாய் என்று தோன்றுகிறது. உனக்குச் சர்க்கரை அதிகமாகக் காட்டியது. நீ பயந்தாய். யாரிடமும் சொல்ல மனமில்லை. கையெட்டும் தூரத்தில் மருந்து இருந்தது. டாக்டரிடம் போகாமல் உனக்கு நீயே வைத்தியம் பார்த்துக்கொண்டாய், அளவு கூடிவிட்டது. இது பெரிய குற்றம் இல்லையே! பயத்தில் செய்தேன் என்று ஒரு வரி எழுது. நான் யாரிடமும் காட்ட மாட்டேன். எனக்கு உன் மேல் கோபம் இல்லை. தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கே பக்கத்துத் தெருப் பள்ளியில் வாண்டுவுக்கு இடம் கேட்டிருக்கிறேன். தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு வழி தெரியவில்லை.

வாண்டுவின் அப்பா

*

மே 8

வாண்டுவின் அப்பாவுக்கு,

வார்டிலிருந்து எழுதுகிறேன். இந்தப் பேனாவைக்கூட நர்ஸ் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள்.

பாத்ரூம் கதவில் தாழ்ப்பாள் இல்லை. கொஞ்சம் நேரமானால், "அக்கா, உள்ளே என்ன பண்றீங்க?" என்று குரல் வரும். தலையணை உறையை உருவிப் பார்க்கிறார்கள். தம்பி கொண்டுவந்த பையில் ரொட்டியைப் பிட்டு, டப்பா மூடியைத் தட்டி, எல்லாம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்கள். அவன் காதெல்லாம் சிவந்துபோய் நின்றான். பாவம், அக்காவுக்காக ரொட்டி வாங்கிக்கொண்டு வந்ததற்குக் கிடைத்த மரியாதை. உங்கள் நர்ஸ் அதைச் சொல்லவில்லை போலிருக்கிறது.

மனநல டாக்டர் வந்தார். நல்ல மனிதர், நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நீங்க வேணும்னு பண்ணலைம்மா. சில பேருக்குத் தன்னையும் அறியாம இப்படிச் செய்யத் தோணும்," என்றார். அவர் போன பிறகு வெகுநேரம் என் வயிற்றையும் தொடையையும் தடவித் தடவிப் பார்த்தேன், எங்காவது ஊசி குத்தின இடம் இருக்கிறதா என்று. ஒரு வேளை நான்தானோ? எனக்கே தெரியாமல் எழுந்துபோய்ப் போட்டுக்கொள்கிறேனோ? என் கையையே நான் சந்தேகப்படுகிற நிலைக்கு வந்துவிட்டேன். நீங்கள், முதலாளி, டாக்டர் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லும்போது, நான் ஒருத்தி மட்டும் எதைப் பிடித்துக்கொண்டு இல்லை என்று சொல்வது? உங்களுக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதியும் விட்டேன். பள்ளிக்கூட விஷயத்தைப் படித்த பிறகு எனக்கு மானம் ரோஷம் எல்லாம் போய்விட்டது. பிள்ளை வந்தால் போதும் என்றாகிவிட்டது.

அதைக் கிழித்துப் போட்டதற்குக் காரணம் இன்று காலை வந்த ஒரு அம்மா. ஹார்மோன் டாக்டராம். கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எல்லோரும் ஊசியைப் பற்றிக் கேட்டார்கள், இவர் கேட்கவே இல்லை. "இந்த வருஷம் புதுசா என்ன மாத்திரை ஆரம்பிச்சீங்க?" என்றார். தைராய்டுக்கு, பிப்ரவரியிலிருந்து என்றேன். பெயரைக் கேட்டார், சொன்னேன். அதைக் குறித்துக்கொண்டு, இன்னும் ஒரு குழாய் ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தப் பரிசோதனை இங்கே கிடையாதாம், வெளியூருக்குப் போகிறதாம். மாத்திரையை இன்றோடு நிறுத்தச் சொல்லிவிட்டார், தைராய்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

முடிவு வரும்வரை பள்ளிக்கூடத்தில் பெயரை எழுதிவிடாதீர்கள்.

*

மே 13

வாண்டுவின் அம்மாவுக்கு,

பெயரை இன்னும் எழுதவில்லை.

நீ அந்த ஒரு வரியை எழுதிக் கிழித்தாய் என்று படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. பொய்யாகவாவது ஒத்துக்கொண்டு பிள்ளையை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாயா, இல்லை நிஜத்தைத்தான் எழுதிவிட்டுக் கிழித்தாயா? இப்படிக் கேட்கிறேனே என்று என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. ஆனாலும் கேட்கிறேன். புத்தி ஒரு தடவை இந்தப் பாதையில் இறங்கிவிட்டால் திரும்பத் தெரியவில்லை.

வாண்டு கொஞ்சம் அடங்கிப்போயிருக்கிறாள். முன்பெல்லாம் கேட்காமலே பேசுவாள், இப்போது கேட்டாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தெரியலப்பா," என்கிறாள். ஊர் புதுசு, பழகிவிடும் என்று அக்கா சொல்கிறாள்.

முடிவு வந்ததும் அந்தக் காகிதத்தின் நகலை எனக்கு அனுப்பு. அந்த அம்மா டாக்டரின் போன் நம்பரையும் அனுப்பு.

*

மே 22

வாண்டுவின் அப்பாவுக்கு,

நகல் இந்த உறையிலேயே இருக்கிறது. நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீங்களே பேசிக்கொள்ளுங்கள், என் வாயால் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வராது.

இருந்தாலும் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். என் ரத்தத்தில் இன்சுலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஏராளமாக இருக்கிறது. நான் போட்ட அந்தத் தைராய்டு மாத்திரையால் அபூர்வமாகச் சிலருக்கு இப்படி ஆகுமாம். சாப்பிட்டதும் எல்லோருக்கும் போல எனக்கும் இன்சுலின் சுரக்கிறது. இந்த எதிர்ப்பொருள் அதை வேலை செய்ய விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சர்க்கரை ஏறுகிறது. பாத்ரூமில் நான் பார்த்த எண் அதுதான். ஏறியதும் உடம்பு இன்னும் இன்சுலினைச் சுரக்கிறது, அதையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அப்புறம் சம்பந்தமே இல்லாத நேரத்தில் பிடியை விட்டுவிடுகிறது. மொத்தமும் ஒன்றாக வேலை செய்ய, சர்க்கரை பாதாளத்துக்குப் போகிறது. ஸ்கூட்டரில் ஆனது அதுதான். கூடவே பிறக்கிற அந்த இன்னொரு பொருளை எதுவும் பிடித்து வைப்பதில்லை, அது வழக்கம்போல் வெளியே போய்விடும். அதனால்தான் கணக்கு உதைத்திருக்கிறது. "அது அத்தனையும் உங்க சொந்த இன்சுலின்தான்மா. யாரும் எதையும் போடலை," என்றார் டாக்டரம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது, அந்த நர்ஸும் கூடச் சேர்ந்து அழுதாள்.

உங்கள் மெஷின் காட்டிய எண் சரிதான். எண்ணிலிருந்து ஊசிக்குத் தாவியது மெஷின் இல்லை, நீங்கள்.

வீட்டுக்குள் பிறந்ததையே வேற்று ஆள் என்று நினைத்துப் பிடித்துக் கட்டிப்போடுகிற வியாதி என்று டாக்டரம்மா விளக்கினார். எங்க வீட்டுக்குப் பொருத்தமான வியாதிதான் டாக்டர் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சிரித்துவைத்தார்.

உங்கள் அக்காவிடம், என் அண்ணியிடம், நான் எழுதியதற்கு வருத்தப்படுகிறேன் என்று சொல்லுங்கள். உங்கள் மேல் உள்ள கோபத்தை அவர் சமையலில் தேடினேன். அவரிடம் நேரிலும் சொல்கிறேன். முதலாளி சாவியைத் திருப்பிக் கொடுத்தார். "நான் அப்பவே நினைச்சேன்," என்றார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி மாத்திரை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி சாப்பிட வேண்டும். இனிப்பைக் குறைக்க வேண்டும். சில மாதங்களில் எதிர்ப்பொருள் தானாக இறங்கிவிடும் என்கிறார்கள். அதுவரை நான் வண்டி ஓட்டப் போவதில்லை, வாண்டுவை நடத்தித்தான் கூட்டிப்போவேன். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். பிள்ளையை அனுப்புங்கள்.

*

மே 27

வாண்டுவின் அம்மாவுக்கு,

டாக்டரம்மாவிடம் பேசினேன். லேபில் தவறு நடந்திருக்க வாய்ப்பு உண்டா என்றும் கேட்டுவிட்டேன். கோபப்படாதே, தொழில் புத்தி. அவர், "சார், உங்களுக்கு இன்னும் என்ன வேணும்?" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ மயங்கி விழுந்து கிடந்த நேரத்தில், உன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியவன் உன் கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தேன். ஆமாம், அதையும் செய்தேன், அந்த முதல் நாளே. உனக்கு அது தெரியாது. தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். என்னை நீ திட்டினால்கூட எனக்குப் பாரம் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வாண்டுவைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். புது எடை மேடை ஒன்றைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, லீவு கிடைக்காது என்று உன்னிடம் சொல்லச் சொன்னேன். அது பொய். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கொஞ்ச நாள் போகட்டும், லீவு போட்டுக்கொண்டு வருகிறேன். பிள்ளை உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

*

ஜூன் 2

வாண்டுவின் அப்பாவுக்கு,

அண்ணியும் வாண்டுவும் நேற்று நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். அண்ணியிடம் நான் வாயைத் திறப்பதற்குள், "எழுந்திரு, சாப்பிடு, அப்புறம் சண்டை போடலாம்," என்று தட்டைக் கையில் கொடுத்துவிட்டார். நான் சாப்பிடுகிறேனா என்று எதிரில் உட்கார்ந்து பார்த்தார். நானும் அவர் பார்க்கச் சாப்பிட்டேன். எங்கள் விஷயம் அதோடு முடிந்தது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உங்களுக்கு எழுத வேண்டியது வாண்டுவைப் பற்றி.

வாசலில் என்னைக் கட்டிக்கொண்டாள். வளர்ந்திருக்கிறாள், சட்டை தூக்கிக்கொண்டு நிற்கிறது. புதுப் பென்சில் டப்பாவைக் காட்டினாள், அத்தை வீட்டுப் பூனையைப் பற்றிச் சொன்னாள். எல்லாம் பழையபடிதான் என்று நானும் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு அண்ணி கண்ணயர்ந்தார். வாண்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் எட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழிட்டாள். என்ன விளையாட்டு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்து என் மடியில் ஏறி, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"அம்மா, நீ ஊசி போட்டுக்கணும்னா போட்டுக்கோ. நான் வெளியில யாராவது வர்றாங்களான்னு பார்த்துக்கறேன். அப்பா கேட்டா தெரியாதுன்னு சொல்லிடுவேன். போன தடவை நான் சொன்னதாலதானே என்னை உன்கிட்ட விடவே இல்லை."

நான் ஊசி போடுவதே இல்லைடா தங்கம், அது ரத்தம் பார்க்கிற மெஷின், அம்மாவுக்கு வேறு வியாதி, டாக்டரே சொல்லிவிட்டார் என்று நான் சொல்லாத சத்தியம் இல்லை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் என் கன்னத்தைத் தட்டி, "சரிம்மா, சரிம்மா," என்றாள். நாம் அவளைச் சமாதானப்படுத்துவோமே, அதே மாதிரி.

அந்தக் காகிதத்தை அவளிடம் காட்டினேன். அவளுக்கு அதில் என்ன புரியும்? அம்மா தனக்குத் தானே ஊசி போட்டுக்கொள்கிறாள் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அவள் அப்பா. தினமும் கேட்டுக் கேட்டு அதை மனதில் பதிய வைத்திருக்கிறீர்கள். அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று அவள் நம்புகிறாள். நான் சொல்லி அது போகாது.

என் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரும்வரை காத்திருக்காதீர்கள். என் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் கிளம்பி வந்து, அவளை மடியில் உட்கார வைத்து, அப்பா தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரைக்கும் என் மகள், நான் செய்யாத ஒன்றை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றிக்கொண்டு, கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள்.